சத்தமில்லாத படத்துக்குத்தான் தியேட்டர்

‘சமீபத்தில் தியேட்டரிலும் வீட்டிலும் பார்த்த படங்கள் எப்படி இருந்தன? எதைத் தியேட்டருக்குப் போய்ப் பார்க்கலாம், எதை ஓடிடியில் வரும்வரை விட்டுவைக்கலாம்?’ என்ற கேள்விக்கு எல்லோர் கையிலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. சண்டை, விசில், பஞ்ச் டயலாக் இருந்தால் தியேட்டர். மெதுவாகப் போகிற சின்னப் படமா, நாலு வாரம் பொறுத்தால் வீட்டுக்கே வந்துவிடும். எங்கள் வீட்டிலும் ரொம்ப நாள் இந்தக் கணக்குதான் ஓடியது. ஆனால் கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் பார்த்த படங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால் கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. சத்தம் போடுகிற படம் எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்கிறது. சத்தம் போடாத படத்துக்குத்தான் தியேட்டர் வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், மதுரைப் பக்கத்துத் தியேட்டர்களில் ஸ்பீக்கர் மாட்டுவது, சவுண்ட் லெவல் பார்த்துக் கொடுப்பது என்று பதினோரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது கல்யாண மண்டபங்களோடு நிறுத்திக்கொண்டேன். அதனால் படம் பார்க்கப் போனாலும் முதலில் காதுதான் வேலை செய்யும். என் விமர்சனத்தைக் கொஞ்சம் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொட்டுக்காளி. 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்தது, சூரியும் அன்னா பென்னும் நடித்தது. வெளிவரும் முன்பே பெர்லின் திரைப்பட விழாவில் ஃபோரம் பிரிவில் காட்டப்பட்ட படம். கதை இரண்டு வரிதான். வேறு சாதிப் பையனை விரும்புகிற மீனாவுக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று நம்பி, அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது குடும்பம். அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் பாண்டியும் கூடவே வருகிறான். ஆட்டோவும் இரண்டு மூன்று பைக்கும், பலிகொடுக்க ஒரு சேவலும். படம் முழுக்க அந்தப் பயணம்தான். பின்னணி இசை என்று ஒரு துளி கிடையாது.

இசை இல்லை என்று கேள்விப்பட்டதுமே நண்பர்கள் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். நான் மட்டும் மேட்னி ஷோ போனேன். நாற்பது பேர் இருந்திருப்போம். முதல் பத்து நிமிடம் பாப்கார்ன் கவர் கசங்குகிற சத்தம், யாரோ போனில் “படம் போட்டாச்சு, அப்புறம் கூப்பிடு” என்று சொல்வது எல்லாம் கேட்டது. அப்புறம் ஒரு கட்டத்தில் எல்லாம் நின்றுவிட்டது. யாரும் யாரையும் அடக்கவில்லை. திரையில் சத்தம் குறைவாக இருந்தால் நாம் போடுகிற சத்தம் நமக்கே கேட்டுவிடும், அந்தக் கூச்சத்தில் ஆள் தானாக அடங்கிவிடுவான். பாட்டும் இசையும் நிரம்பிய படத்தில் இது நடக்காது, அங்கே நம் சத்தத்தை மறைக்க ஆள் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் படம் காதில் ஏற ஆரம்பித்தது. ஆட்டோ இன்ஜின் ஒரே சுதியில் ஓடுகிறது. சேவல் அவ்வப்போது கொக்கரிக்கிறது. பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான், பேசினால் காற்றுதான் வருகிறது. மீனா பேசுவதே இல்லை. ஒருவனுக்குக் குரல் எழும்பவில்லை, இன்னொருத்தி குரலை எடுக்கவில்லை. சுற்றி இருக்கிற ஆட்களோ ஓயாமல் பேசுகிறார்கள். வழியில் ஏதோ விசேஷ வீட்டில் ஸ்பீக்கர் கட்டிச் சினிமாப் பாட்டு போடுகிறார்கள், மீனா அதை வாய்க்குள் முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான். அந்த முணுமுணுப்பைப் பார்த்துவிட்டுப் பாண்டி ஆட்டோவை நிறுத்தி எல்லோரையும் போட்டு அடிக்கிறான், அவள், அவளுடைய அம்மா, தன் வீட்டுப் பெண்கள் என்று ஒருத்தரையும் விடவில்லை. அரைமணி நேரமாகச் சின்னச் சின்னச் சத்தத்துக்குப் பழகிப்போன காதில் அந்த அடி விழுகிறபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இதே காட்சிக்கு அடியில் டிரம்ஸும் வயலினும் ஓடியிருந்தால் ‘சண்டைக் காட்சி’ என்று பார்த்துவிட்டுப் போயிருப்போம்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த தியேட்டரில் இடைவேளையை எந்த இடத்தில் விட்டார்கள் என்று ஆபரேட்டருக்கே தெரியாது. பேச்சின் நடுவில் விளக்கு எரிந்தது, பப்ஸ் விற்கிற பையன் உள்ளே வந்துவிட்டான். திரும்ப அந்த அமைதிக்குள் போக இன்னொரு பத்து நிமிடம் பிடித்தது.

இந்த அமைதியை வீட்டில் ஏன் கொண்டுவர முடியவில்லை என்று கேட்டால் அதற்குத் தொழில்முறைக் காரணம் உண்டு. தியேட்டரை ஒப்படைக்கிறபோது படம் ஓடாத வெறும் அரங்கின் இரைச்சலை அளப்போம். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே அது 35 டெசிபல் வாக்கில் இருக்க வேண்டும். நம் வீட்டு ஹாலில் சீலிங் ஃபேன் நாலில் ஓடினாலே 45, 50 வந்துவிடும். அதற்கு மேல் ஃபிரிட்ஜ், தெருவில் பைக், மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது. படத்தில் மெல்லிய சத்தமெல்லாம் இந்த இரைச்சலுக்கு அடியில் முங்கிப்போகிறது. சரி, வால்யூமை ஏற்றலாம் என்றால் அடுத்த காட்சியில் யாராவது கத்துவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏற்றி இறக்கிப் பார்க்கிறோம். இயக்குநர் எது சின்னது எது பெரிது என்று உழைத்து வைத்த வித்தியாசத்தை நாமே தட்டையாக்கிவிடுகிறோம்.

தியேட்டரிலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். சவுண்ட் பிராசஸரில் 7 என்ற அளவில் வைத்தால் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்கும்படிதான் நாங்கள் செட் பண்ணிக் கொடுப்போம், படத்தை மிக்ஸ் பண்ணுகிறவர்களும் அதே அளவில் வைத்துத்தான் பண்ணுகிறார்கள். ஆனால் படங்களின் இசை காதைக் கிழிக்கிறது என்று ஆட்கள் புகார் சொல்ல, பல இடங்களில் அதை 5க்கோ அதற்கும் கீழேயோ இறக்கி வைத்து மறந்துவிடுகிறார்கள். சத்தமான படம் அப்படியும் தப்பிக்கும். கொட்டுக்காளி மாதிரிப் படம் ஓடினால் “டயலாக்கே கேக்கல” என்று குரல் வரும். பழி படத்தின் மேல் விழும்.

அடுத்தது லப்பர் பந்து. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம், 2024 செப்டம்பர் 20. அட்டகத்தி தினேஷ் செய்த கெத்து என்கிற பாத்திரம்தான் இந்தப் படத்துக்கு உயிர். வயதாகியும் பேட்டைக் கீழே வைக்காத ஊர்க் கிரிக்கெட் ஆட்டக்காரர். அவர் மகளைக் காதலிக்கிற அன்புவாக ஹரிஷ் கல்யாண். இருவருக்கும் நடுவில் ஈகோ. அதற்கு அடியில், எந்த டீமில் யாரைச் சேர்ப்பார்கள் யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்கிற சாதிக் கணக்கு. பிரசங்கம் பண்ணாமல், ஆட்டத்தின் விதி மாதிரியே அதைச் சொல்லிவிட்டுப் போகிறார் இயக்குநர்.

கெத்து பேட் பிடிக்க வருகிறபோது ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலிக்கும். 1989இல் பொன்மனச் செல்வனில் விஜயகாந்துக்காக இளையராஜா போட்ட பாட்டு. விஜயகாந்த் இறந்து ஒன்பது மாதம் கூட ஆகவில்லை அப்போது. நான் பார்த்த செகண்ட் ஷோவில் அந்தப் பாட்டு வந்ததும் நாற்பது வயதைத் தாண்டிய ஆட்கள் எழுந்து நின்றார்கள். என் பக்கத்தில் இருந்தவர், பார்த்தால் பேங்க்கில் வேலை பார்ப்பவர் மாதிரி ஆள், துண்டு இல்லாத குறைக்குக் கைக்குட்டையைச் சுற்றினார். அந்த இரவு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் இதே படத்தை மாதங்கள் கழித்து வீட்டில் அம்மா, மனைவி, பையன் மூவரோடும் பார்த்தேன். என்ன குறைந்தது? அந்த எழுந்து நிற்கிற கூட்டம் குறைந்தது. வேறொன்றும் குறையவில்லை. இன்னும் சொன்னால் ஒன்று கூடியது. தியேட்டரில், கெத்துவின் மனைவி யசோதாவாக வரும் ஸ்வாசிகா டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து கிரிக்கெட் ஆடும் இடத்தை உழுதுபோட்டதற்கு விசில் அடித்தார்கள், அதோடு போயிற்று. வீட்டில் என் மனைவி “இவளுக்கு எத்தனை ஞாயித்துக்கிழமை போயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க” என்றாள். ஞாயிறுதோறும் மண்டப வேலைக்குப் போகிறவன் நான். பதில் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் கெத்துவுக்கும் யசோதாவுக்கும் நடுவில் ஓடுகிற காதல்தான் அசல் காதல் கதை என்று எனக்கு வீட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. இளசுகளின் காதல் சும்மா பேருக்கு.

என் கணக்குக்குள் அடங்காத படம் மஞ்ஞுமல் பாய்ஸ். 2024 பிப்ரவரியில் வந்த, இயக்குநர் சிதம்பரத்தின் மலையாளப் படம். கேரளாவின் மஞ்ஞுமல்லில் இருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்களில் ஒருவர் குணா குகைக் குழிக்குள் விழுந்ததும், கூட்டாளி ஒருவரே இறங்கி அவரை மீட்டதும் 2006இல் நிஜமாக நடந்தது. மலையாளத்திலேயே, டப்பிங் இல்லாமல், நம் ஊர்த் தியேட்டர்களில் வாரக்கணக்கில் ஓடியது. மொழி தெரியாதவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. படத்தில் பாதிப்பேர் தமிழ்தான் பேசுகிறார்கள் என்பதும் ஒரு வசதி.

இந்தப் படத்தில் சத்தமும் உண்டு, அமைதியும் உண்டு, இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து நம்மை இழுக்கிறார்கள். சுபாஷ் விழுகிற நொடியில் கூச்சல் கும்மாளம் எல்லாம் டக்கென்று அறுந்துபோகிறது. அதற்கு முன் அரைமணி நேரம் அந்தப் பையன்கள் போடுகிற சத்தம் தாங்க முடியாமல் “இவனுங்க எப்படா அடங்குவானுங்க” என்று எனக்கே எரிச்சல். அடங்கியதும்தான் அந்தச் சத்தத்தின் அருமை புரிகிறது. மழை பிடித்துக் குழிக்குள் தண்ணீர் இறங்கும்போது, வாய்க்கால் மாதிரி ஓடி வருகிற தண்ணீரை மறிக்க நண்பர்கள் தரையில் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். தியேட்டரில் அந்த மழை நாலு பக்கமும் பெய்தது. சரவுண்ட் ஸ்பீக்கரை வெறுமனே சுவருக்கு அழகாக மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

படத்தின் ஆரம்பத்தில் இவர்கள் ஒரு வடம்வலிப் போட்டியில் கயிறு இழுப்பார்கள். கிண்டலும் கேலியுமாக ஒரு காட்சி, நாம் அதை மறந்துவிடுவோம். கடைசியில் குழிக்கு மேலே நின்றுகொண்டு இரண்டு பேரின் எடையையும் சேர்த்துக் கயிறு இழுக்க வேண்டிவரும்போது அதே பிடி, அதே கால் ஊன்றல். வெளியே வருகிற நேரத்தில் 1991இன் ‘கண்மணி அன்போடு காதலன்’. தியேட்டரே சேர்ந்து பாடியது. ஒரு காதலன் கடிதமாகச் சொன்ன வரிகள், முப்பது வருடம் கழித்து இரண்டு கூட்டாளிகளுக்குப் பொருந்திப்போவதை அத்தனை பேரும் ஒரே நொடியில் கண்டுபிடித்தோம். அந்தக் கண்டுபிடிப்பு வீட்டில் நடக்காது. ஓடிடிக்கு வருவதற்குள் அந்தப் பாட்டு ரீல்ஸில் ஆயிரம் தடவை ஓடித் தேய்ந்துவிட்டது. ஆகவே சத்தமுள்ள படத்துக்கும் தியேட்டர் வேண்டும் என்று ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே அமைதியும் இருந்தால்தான்.

இதற்கு நேர் எதிர் மெய்யழகன். லப்பர் பந்து வந்த அடுத்த வாரம், செப்டம்பர் 27 அன்று வந்தது. 96 எடுத்த பிரேம்குமாரின் அடுத்த படம். 1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள், இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொள்ளும் ஒரு ஆள். அவன் பெயர் அருளுக்கு ஞாபகம் வரவில்லை, கேட்கவும் கூச்சம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படமாக வந்து, சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். நான் முழு நீளத்தையும் தியேட்டரில் பார்த்தவன். எனக்குப் பிடித்தது, ஆனால் இரண்டாம் பாதியில் என் பின்வரிசை போன் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. டிக்கெட்டுக்கும் முன்பதிவுக் கட்டணத்துக்கும் பார்க்கிங்குக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தவன், காசுக்கு ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருக்கிறான். படமோ “உட்காருங்க அத்தான், அவசரம் என்ன” என்கிறது.

வீட்டில் இதை இரண்டு இரவாகப் பார்த்தோம். கல்யாண மேடையில், அருள் வாங்கி வந்த நகையைத் தங்கச்சி அங்கேயே பிரித்துப் போட்டுக்கொள்ளும் காட்சி வரை முதல் நாள். மீதி மறுநாள் சாப்பிட்டுவிட்டு. நடுவில் ஒரு பகல் முழுக்க அந்தப் படம் மனதில் ஓடியது. மறுநாள் போட்டபோது ஏதோ சொந்தக்காரர் வீட்டில் நேற்று விட்ட பேச்சைத் திரும்பத் தொடங்குகிற மாதிரி இருந்தது. அது பேசுகிற படம், பேச்சைக் கேட்க நம் வீட்டுக் கூடமே போதும். கமல் பாடிய பாட்டுகூடக் குறைந்த சத்தத்தில்தான் சரியாக இருந்தது. நீளம் என்பது படத்தில் இருப்பதைவிட உட்கார்ந்திருக்கிற இடத்தில் அதிகம் இருக்கிறது போல.

சில படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மகாராஜா, விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம். குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீசுக்குப் போகிற ஆள். காலத்தை முன்பின்னாகக் கலைத்துப்போட்ட கதை. தியேட்டரில் முடிச்சு அவிழ்கிறபோது ஏற்பட்ட திகைப்பு அங்கேதான் கிடைக்கும். வீட்டில் என் பையன் நிறுத்தி நிறுத்திப் பின்னால் போய், எந்தக் காட்சி எந்த வருடம் என்று துப்பறிந்துகொண்டிருந்தான். கெட்டியாகத்தான் பின்னியிருக்கிறார் நித்திலன், பையனால் ஒரு ஓட்டையைத்தான் காட்ட முடிந்தது. அதில் பெண்களுக்கு நடக்கிற கொடுமை கதையின் திருப்பத்துக்குக் கருவியாகிவிட்டதே என்ற உறுத்தல் மட்டும் எங்கே பார்த்தாலும் இருக்கிறது.

டூரிஸ்ட் ஃபேமிலியை 2025 மே மாதம் குடும்பத்தோடு தியேட்டரில் பார்த்தோம். இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் ஒளிந்து வாழும் சசிகுமார், சிம்ரன் குடும்பம். இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் சின்னப் பையன், மனிதர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நம்புகிறார். அந்தத் தெருவில் எல்லோரும் அத்தனை சீக்கிரம் நல்லவர்களாகிவிடுவது எனக்குக் கொஞ்சம் உதைத்தது. ஆனாலும் கண் கலங்கிற்று. ஈழத் தமிழை அடக்கிப் பேசச் சொல்லும் இடங்களில் சிரிப்பவர்கள், ஒரு மொழியை வாய்க்குள் வைத்துப் பூட்டுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார்களா தெரியவில்லை. இது எங்கே பார்த்தாலும் சரிதான்.

2025 ஜூலை 4 அன்று ஒரே நாளில் இரண்டு படங்கள் வந்தன. 3பிஎச்கே, பறந்து போ. ஒன்றில் சரத்குமாரும் சித்தார்த்தும் சொந்த வீடு வாங்க இருபது வருடம் பாடுபடுகிறார்கள். இன்னொன்றில் வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பையன், அப்பா சிவாவைக் கிளப்பிக்கொண்டு வண்டியில் ஊர் ஊராகச் சுற்றுகிறான். பறந்து போ எடுத்த ராமின் படத்தில் இப்படிச் சிரிப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டிலும் இஎம்ஐதான் வில்லன். 3பிஎச்கேயை வாடகை வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்ததில் தப்பு என்னுடையது. படம் முடிந்ததும் யாரும் பேசவில்லை. மறுநாள் காலையில் மனைவி பழைய தவணைக் கணக்கு நோட்டை எடுத்து மேஜையில் வைத்திருந்தாள்.

வீட்டில்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் டிவியில் இரண்டு மூன்று விஷயத்தை மாற்றிவிடுங்கள். முதலாவது, மோஷன் ஸ்மூத்திங். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும். சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி நடுவில் தானாகக் கற்பனை செய்து பிரேம்களைச் சொருகுகிறது. கிரிக்கெட்டுக்கு நல்லது, சினிமாவை மெகாசீரியல் மாதிரி ஆக்கிவிடும். “புது டிவியில் படம் ஏதோ செட்டு போட்ட மாதிரி இருக்கு” என்று என்னிடம் கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் வியாதி. இரண்டாவது, ஒலி. டிவி மெலிந்துவிட்டதால் ஸ்பீக்கரைக் கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ வைக்கிறார்கள், பேச்சு நேராக நம்மிடம் வருவதில்லை. பெரிய செட்டெல்லாம் வேண்டாம், சென்டர் ஸ்பீக்கர் உள்ள ஒரு சாதாரண சவுண்ட்பார் போதும், பேச்சு தெளிந்துவிடும். பல படங்களின் அகலமான சட்டத்தை நம் டிவியில் அடக்கினால் திரையில் கால்வாசி மேலும் கீழும் கறுப்பாகத்தான் போகும். அதை நிரப்பப் படத்தை ஜூம் பண்ணாதீர்கள், ஓரத்தில் நிற்கிற ஆள் காணாமல் போய்விடுவார். அப்புறம், முடிந்தால் ஃபேனை ஒன்றில் வையுங்கள். சித்திரையில் மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்கும் தெரியும்.

கொட்டுக்காளியை நானும் பிறகு ஒருமுறை வீட்டில் போட்டேன், அம்மாவுக்காக. மேலே சொன்னதெல்லாம் செய்துவிட்டு, ஹால் விளக்கை அணைத்து, பையனிடம் போனைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் போட்டேன். அம்மா எழுபதைத் தாண்டியவள். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவள். ஐந்து நிமிடம்கூடப் பேசாமல் இருக்கவில்லை. “இது யாரு? அந்தப் புள்ளையோட ஆத்தாளா?” “சேவலை இப்படியா கட்டுவாங்க, கால் வீங்கிப்போகும்.” ஆட்டோ போய்க்கொண்டே இருந்ததற்கு “எந்தக் கோயிலுக்குப் போறாங்க, பேரைச் சொல்லலையே” என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தியேட்டரில் கேட்ட ஒரு சத்தமும் கேட்கவில்லை.

சாமியாடியின் இடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்ததும் அம்மா பேச்சை நிறுத்தினாள். மீனாவுக்கு முன்னால் வேறொரு பெண்ணை உட்கார வைத்து அவர் ஏதேதோ செய்கிறார், பாண்டி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். “கொஞ்சம் நிறுத்துய்யா” என்றாள். நிறுத்தினேன்.

“எங்க பெரியப்பா மகளை இப்படித்தான் கூட்டிட்டுப் போனோம்” என்றாள். எனக்கு அந்தப் பெரியம்மாவைத் தெரியும், எல்லா விசேஷத்திலும் பந்தியில் கடைசியாகச் சாப்பிடுகிறவர். இப்படி ஒன்று நடந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அப்போது பதிமூன்று வயதாம். துணைக்கு இருக்கட்டும் என்று இவளையும் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே என்ன நடந்தது என்று அம்மா சொல்லவில்லை. திரும்பி வருகிறபோது நடந்ததைத்தான் சொன்னாள்.

“பஸ்ஸுல பசிக்குதுன்னு சொன்னா. யாரும் காதுல வாங்கல. ஏங்கிட்ட நாலணா இருந்துச்சு. பஸ் நின்ன எடத்துல முறுக்கு வித்தான். நானும் வாங்கிக் குடுக்கல.”

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் பாண்டியின் முகம் அப்படியே உறைந்து நின்றது. இன்னும் கொஞ்ச நேரப் படம் பாக்கி. அதில் வினோத்ராஜ் முடிவைச் சொல்லமாட்டார், பாண்டி என்ன முடிவெடுத்தான் என்று காட்டாமலேயே படத்தை முடித்துவிடுவார். தியேட்டரில் அந்த இடத்தில் யாரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தோம். அதை அம்மா பார்க்க வேண்டும் என்றுதான் போட்டதே.

“மிச்சத்தப் போடவாம்மா?”

“வேணாம். எப்படி முடியும்னு எனக்குத் தெரியும்” என்றாள். மோட்டாரை நிறுத்தினாயா, தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கிறதே என்று எழுந்து போனாள். எனக்கு அது கேட்கவே இல்லை.